கலெக்டர் கனவை குரூப் 2-க்கு இறக்கலாமா? வீட்டு நிலைமை மாறிவிட்டது

உரக்கடை_பொண்ணு

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், முதல் தடவையாக இழை போடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தென்காசிப் பக்கம் ஊர். பி.இ. முடித்து சென்னையில் ஐ.டி. வேலையில் இருந்தேன், யூ.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வுக்காக அதை விட்டேன். அண்ணா நகரில் விடுதி, கோச்சிங், பிறகு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் என்று ஓடியது. ஒரு முறை மெயின்ஸ் (முதன்மைத் தேர்வு) வரை போனேன், மற்றதெல்லாம் பிரிலிம்ஸோடு (முதல்நிலைத் தேர்வோடு) சரி. இப்போது வயது 29. ஓ.பி.சி. என்பதால் வயதும் வாய்ப்பும் இன்னும் மிச்சம் இருக்கின்றன.

சித்திரையில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. பேச்சு தெளிவாக இருக்கிறது, இடது கையும் காலும்தான் இன்னும் முழுசாக வரவில்லை. எங்களுக்கு உரக்கடை. தம்பி கல்லூரியில் இரண்டாம் வருடம். அம்மா ஒருத்தியால் கடையையும் பார்த்து அப்பாவையும் பார்க்க முடியாது என்பதால் விடுதியைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். காலையில் கடை திறப்பதிலிருந்து மதியம் வரை நான்தான். ஒரு மூட்டை யூரியா விற்க ஆதார் எண் போட்டு, விரல் ரேகை வைக்கச் சொல்லி, மெஷினில் பில் அடிக்க வேண்டும். வயல்வேலை செய்த பெரியவர்களுக்கு ரேகை சீக்கிரம் விழாது, வேட்டியில் விரலைத் துடைத்துத் துடைத்து வைப்பார்கள், அதற்குள் நெட்வொர்க் போய்விடும். அந்த இடைவெளியில் ஒரு பக்கம் படிக்கலாம் என்று நோட்டைக் கல்லாப் பெட்டி மேலேயே வைத்திருக்கிறேன். அதன் மேல் உரத்தூசி படிகிறதே தவிர பக்கம் திரும்பவில்லை. பிசான நெல் பருவம் ஆரம்பித்தால் தண்ணீர் குடிக்கக்கூட நேரம் இருக்காது.

நாள் முழுக்கப் படித்தவளுக்கு இப்போது மூன்று மணி நேரம் கிடைத்தால் பெரிது. பேசாமல் மாநில அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2-க்கு மாறிவிடலாமா, இல்லை இரண்டு வருடம் நிறுத்திவைத்து மறுபடி யூ.பி.எஸ்.சி.க்கே வரலாமா என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. இது நிலைமைக்குத் தக்கபடி இலக்கை மாற்றுவதா, பயந்து பின்வாங்குவதா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. நடுவழியில் மாற்றியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். "விட்டுவிடாதே தோழி, வெற்றி நிச்சயம்" வகை பதில் மட்டும் வேண்டாம், அது வாட்ஸப்பில் தினமும் காலை ஆறு மணிக்கு வந்துவிடுகிறது.

முதல்_பெஞ்ச்

சகோதரி, நான் கொஞ்சம் கறாராகத்தான் சொல்வேன். மெயின்ஸ் வரை போனவர் குரூப் 2-க்கு இறங்குவது எனக்கு ஒப்பவில்லை. ஓ.பி.சி. என்றால் 35 வயது வரை, 9 வாய்ப்பு. பொதுப்பிரிவுக்காரன் 32 வயது, 6 வாய்ப்பு என்று கழுத்துக்கு மேல் கத்தியோடு எழுதுகிறான், உங்களுக்கு அது இல்லை. அப்புறம், விண்ணப்பம் போட்டுவிட்டுத் தேர்வுக்குப் போகாமல் இருந்தால் வாய்ப்பு கழியாது, பிரிலிம்ஸில் ஒரு தாளுக்கு உட்கார்ந்தால்தான் கழியும். ஆக ஒரு வருடம் சும்மா விட்டாலும் நஷ்டம் வயது மட்டும்தான்.

பணம்தான் கவலை என்றால் நான் முதல்வன் திட்டத்தில் மதிப்பீட்டுத் தேர்வு எழுதுங்கள். தேர்வாகும் 1000 பேருக்கு பத்து மாதம் மாதாமாதம் 7,500 ரூபாய், பிரிலிம்ஸ் தேறினால் 25,000 ரூபாய். மெயின்ஸ் எழுதியவருக்கு அந்தத் தேர்வு பெரிய விஷயமே இல்லை.

ஒரு தடவை இறங்கினால் திரும்ப ஏற மனசு வராது. என் அறைத் தோழர்கள் பலரைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

தாலுகா_ஆபீஸ்

முதல் பெஞ்ச் அண்ணன் சொன்ன விதிகள் சரி. ஆனால் அவர் அறைத் தோழர்கள் கதையில் என் பெயரும் இருக்கும் போலிருக்கிறதே, இறங்கினவன் நான். குரூப் 4 எழுதி வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளர். ஆகவே உள்ளே இருந்து சொல்கிறேன்.

முதலில், "இறங்குவது" என்ற பேச்சே வேண்டாம். குரூப் 2 யாருக்காகவும் காத்திருக்கும் தேர்வு இல்லை. முதல்நிலையில் 200 கேள்வி, 300 மார்க், அதைத் தாண்டினால் முதன்மைத் தேர்வில் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்க வேண்டும், அப்புறம்தான் மற்றதெல்லாம். நேர்முகத் தேர்வை எடுத்துவிட்டார்கள், அது ஒரு நிம்மதி. யூ.பி.எஸ்.சி. படித்தவர்கள் இதை லேசாக நினைத்து வந்து, தமிழ்நாட்டு வரலாறு, தமிழ்நாட்டு நிர்வாகம் (நாங்கள் படித்த காலத்தில் யூனிட் 8, 9 என்போம்) இரண்டிலும் மூச்சுத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து வரிவரியாகக் கேட்பான். அங்கே கருத்தைப் பிடித்தால் போதும், இங்கே அந்தப் பெட்டிச் செய்தியில் இருந்த வருஷம் நினைவில் இருக்க வேண்டும். மூளைக்கு இரண்டும் வேறு வேறு வேலை.

இரண்டாவது, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். உங்கள் வீட்டில் மாறியது என்ன? படிக்கும் நேரம் குறைந்தது, ஊரை விட்டு நகர முடியாமல் போனது, இந்த இரண்டும்தானே? குரூப் 2-க்கு மாறினால் நேரப் பிரச்சினை கொஞ்சம் தீரும். இடப் பிரச்சினை? கலந்தாய்வில் உங்கள் ரேங்க் வரும்போது தென்காசியில் இடம் இருந்தால் உண்டு, இல்லையென்றால் ஓசூரோ திருவள்ளூரோ. அப்போது அப்பாவை யார் பார்ப்பது, கடையை யார் திறப்பது? ஆக அப்பாவுக்காக இலக்கை மாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அப்பாவிடமிருந்து உங்களைப் பிரிக்கக்கூடிய இன்னொரு இலக்கையே எடுக்கிறீர்கள். எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் தெரிந்து எடுங்கள்.

மூன்றாவது, வேலையில் சேர்ந்துகொண்டே பெரிய தேர்வுக்குப் படிப்பேன் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு: தகுதிகாண் பருவம், துறைத் தேர்வுகள், நடுவில் ஜமாபந்தி (வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கை), தேர்தல் வேலை. ஜமாபந்தி சமயத்தில் கணக்கைச் சரிக்கட்டி வீட்டுக்கு வந்தால் சாப்பிடத் தெம்பு இருக்காது, பிறகு எங்கே புத்தகம் தொடுவது. துறையில் சொல்லி தடையின்மைச் சான்று வாங்கித்தான் வேறு தேர்வு எழுத வேண்டும், அதற்கு ஒரு நடை. முடியாது என்று சொல்லவில்லை, நானே குரூப் 1-க்குப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், எங்களைப் போன்ற இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அதில் 39 வயது வரை இடம் இருக்கிறது. மாதச் சம்பளம் வந்துவிட்டால் படிப்பில் இருந்த பதற்றம் போய்விடும். பதற்றம் போனால் வேகமும் கொஞ்சம் போகும்.

சும்மா_வந்தேன்

நான் குரூப் 4-ல் ஆரம்பித்து இப்போது எந்த குரூப்பிலும் இல்லாமல் வாட்ஸப் குரூப்பில் மட்டும் இருக்கிறேன். அதற்கு வயது வரம்பு கிடையாது, நேர்முகமும் கிடையாது.

(தங்கச்சி கோபித்துக்கொள்ள வேண்டாம், அப்பா சீக்கிரம் நடக்கட்டும்.)

உரக்கடை_பொண்ணு

@சும்மா_வந்தேன் அண்ணா, இன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தேன், நன்றி.

@தாலுகா_ஆபீஸ் அண்ணா, இடத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. குரூப் 2 என்றதும் பக்கத்தில் ஏதோ ஆபீஸ், சாயங்காலம் வீடு என்று ஒரு படம் மனசில் ஓடிவிட்டது. நீங்கள் சொன்ன பிறகு இரண்டு நாளாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நிலாச்சோறு

நான் ஈரோடு. எனக்கு மாறியது கல்யாணமும் குழந்தையும். குழந்தை பிறந்த பிறகும் பழைய கால அட்டவணையைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தேன், காலை 4 முதல் 7 அரசியலமைப்பு, 8 முதல் 11 வரலாறு என்று. அந்தக் காகிதத்தைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் 4 மணிக்கு நான் பாட்டில் கழுவிக்கொண்டிருப்பேன். கடைசியில் மாமியார்தான் வெள்ளையடிக்கும்போது அதைக் கிழித்துப் போட்டார். திட்டலாம் என்று வாயெடுத்தேன், திட்ட வரவில்லை.

அதற்குப் பிறகு நாள் கணக்கை விட்டுவிட்டு வாரக் கணக்குக்கு மாறினேன். இந்த வாரம் ஒரு பாடம், எந்த நாள் எந்த நேரம் என்று கேட்கக்கூடாது. ஞாயிறு மதியம் குழந்தையை அவர் பார்த்துக்கொள்வார், அப்போது மட்டும் மணி பார்த்து ஒரு முழு மாதிரித் தேர்வு. குழந்தைக்குக் காய்ச்சல் வந்த வாரம் பூஜ்யம், அதற்காக அடுத்த வாரத்தில் இரண்டு பாடம் என்று ஏற்றிக்கொள்ள மாட்டேன். இப்படி மெதுவாகப் போய்த்தான் குரூப் 2ஏ-வில் வந்தேன், இப்போது தணிக்கை வேலை. சந்தோஷமா என்றால், ஆமாம். கலெக்டர் ஜீப் எதிரில் போகும்போது ஒரு நொடி திரும்பிப் பார்ப்பேனா என்றால், அதுவும் ஆமாம். இரண்டும் ஒன்றாக இருக்கலாம், அதனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

தங்கச்சி, உனக்கு என் யோசனை ஒன்றே ஒன்று. பக்கவாதத்தில் முதல் ஆறு மாதம் கை கால் பயிற்சிக்கு முக்கியமான காலம் என்று எங்கள் டாக்டர் என் மாமனாருக்குச் சொன்னார். அந்த ஆறு மாதத்துக்குப் பெரிய முடிவு எதையும் எடுக்காதே. மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறைப் பயிற்சிக்கு வீட்டுக்கே வருவார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேர் கொடுத்துவிட்டாயா?

முதல்_பெஞ்ச்

> "நாள் கணக்கை விட்டுவிட்டு வாரக் கணக்குக்கு மாறினேன்"

நிலாச்சோறு அக்கா, உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் இது எல்லாருக்கும் பொருந்தாது. யூ.பி.எஸ்.சி. பிரிலிம்ஸில் தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் கழியும். விட்டு விட்டுப் படித்தவனுக்கு எந்தக் கேள்வியைத் தொடலாம், எதை விடலாம் என்ற கணிப்பு கெட்டுவிடும், பரீட்சை ஹாலில் கை தானாகப் போய் வட்டத்தைக் கருப்பாக்கும். சிசாட் என்ற திறனறித் தாளில் 33 சதவீதம் போதும் என்று அலட்சியமாக இருந்து விழுந்தவர்கள் எத்தனை பேர். வாரம் ஒரு பாடம் படித்து அந்த மலையை ஏற முடியாது. என்னைப் பொறுத்தவரை ஒன்று முழுசாக, இல்லை நிறுத்திவிடுவது.

நிலாச்சோறு

முழுசாக ஓடுகிறவனுக்குப் பின்னால் சோறு பொங்கிப் போடும் ஒருத்தி வீட்டில் இருப்பாள் தம்பி. அவளும் படிக்க ஆசைப்பட்டால் அவளுக்கு யார் பொங்குவது என்று பார்த்துவிட்டு வந்து இந்த "ஒன்று முழுசாக, இல்லை நிறுத்து" பேச்சைப் பேசு.

முதல்_பெஞ்ச்

சரி அக்கா. அந்தப் பக்கம் உங்களுக்கு மார்க்.

வெளியே_வந்தவன்

நான் மொத்தமாக வெளியே வந்தவன். இப்போது கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் கம்பெனி ஒன்றில் ஏற்றுமதிப் பிரிவு. தேர்வைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நான் விடுவதைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அதை யாரும் சொல்லித் தருவதில்லை. கோச்சிங் சென்டரில் எல்லாப் பாடமும் நடத்துவார்கள், வெளியேறும் பாடம் மட்டும் நடத்தினால் அவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

ரிசல்ட் வந்த அன்று இரவு எடுக்கும் முடிவு எதுவும் நிற்காது. தோற்றவன் அன்றைக்கு "இதோடு சரி" என்பான், அடுத்த வாரம் யாரோ ஒரு டாப்பரின் பேச்சைக் கேட்டுவிட்டு மறுபடி விண்ணப்பம் போடுவான். நான் இப்படியே சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு சீனியர் சொன்னார், மனசு சாதாரணமாக இருக்கும் ஒரு நாளில் டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுது, என்ன நடந்தால் தொடர்வேன், என்ன நடந்தால் நிறுத்துவேன், மறுபடி எந்தத் தேதியில் யோசிப்பேன் என்று. எழுதி அதை இன்னொருத்தரிடம் காட்டு. நான் எழுதியது இவ்வளவுதான்: அடுத்த பிரிலிம்ஸில் கட்ஆஃபுக்கு அஞ்சு மார்க்குக்குள் வந்தால் இன்னொரு வருடம், இல்லையென்றால் வேலை தேடுவது, நடுவில் வீட்டில் கடன் வாங்க வேண்டி வந்தால் அன்றைக்கே நிறுத்துவது. அதற்குப் பிறகு அந்தத் தேதி வரும்வரை "தொடர்வதா விடுவதா" என்று யோசிக்கவே கூடாது, அதுதான் ஒப்பந்தம். தினமும் யோசித்துக்கொண்டே படித்தால் படிப்பும் ஏறாது, யோசனையும் முடியாது.

வேலைக்குப் போனபோது நேர்காணலில் கேட்டார்கள், இத்தனை வருடம் என்ன செய்தாய் என்று. சுற்றி வளைக்காமல் சொன்னேன். ஒரு பக்கச் சுருக்கம் எழுதித் தரச் சொன்னார்கள், பத்து பக்கத்தை ஒரு பக்கமாக்குவதுதானே நாம் வருஷக்கணக்கில் செய்தது. உங்களுக்கு ஐ.டி. அனுபவமும் இருக்கிறது, வீட்டிலிருந்தே செய்யும் வேலை கிடைக்கிறதா என்றும் ஒரு பக்கம் பாருங்கள். அது இந்த இழையில் இதுவரை யாருமே சொல்லாத மூன்றாவது வழி.

ஓய்வு_வாத்தியார்

அம்மா, நான் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், என் வீட்டிலும் இரண்டு பேர் இந்தத் தேர்வுகள் எழுதினார்கள். உன் முதல் பதிவை இரண்டு தரம் படித்தேன். அப்பாவுக்குப் பேச்சு தெளிவாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அந்தத் தெளிவான பேச்சில் அவர் என்ன சொன்னார் என்று எங்கேயும் இல்லையே. அவரிடம் கேட்டாயா?

உரக்கடை_பொண்ணு

கேட்கவில்லை ஐயா. உண்மையைச் சொன்னால் கேட்கப் பயம். அப்பா கடைக்கு வருகிற எல்லாரிடமும் "பொண்ணு கலெக்டருக்குப் படிக்கிறா" என்று சொல்லி வைத்திருக்கிறார். வி.ஏ.ஓ., கூட்டுறவு சங்கச் செயலாளர், பூச்சிமருந்துக் கம்பெனி ஆள் வரைக்கும் தெரியும். இப்போது நான் கல்லாவில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒருத்தர் விடாமல் கேட்கிறார்கள், "என்னம்மா, பரீட்சை என்னாச்சு?" என்று. இலக்கை மாற்றுவதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, அதை இத்தனை பேரிடம் சொல்ல வேண்டுமே என்பதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

ஓய்வு_வாத்தியார்

ஊருக்குச் சொல்ல வேண்டிய கடன் உனக்கு இல்லை. அவருக்குச் சொல்ல வேண்டும். இன்னொன்று: பேச்சு நன்றாக இருக்கும் மனிதரைப் படுக்கையில் சும்மா போட்டு வைத்தால் உடம்பை விட மனசு சீக்கிரம் சுருங்கும். கம்பெனிக்கு ஆர்டர் சொல்வது, லோடு எப்போது வரும் என்று விசாரிப்பது, கடன் பாக்கியைக் கேட்பது, இதெல்லாம் போனில் நடக்கிற வேலைதானே? ஃபோனை அவர் கையில் கொடு. மூட்டை தூக்க ஒரு பையனை வை. கடையில் எது உன்னால் மட்டுமே ஆகும், எது மற்றவர்களால் ஆகும் என்று ஒரு தாளில் எழுதிப் பார், உன் மூன்று மணி நேரம் ஐந்தாகிறதா என்று தெரிந்துவிடும். நீங்கள் எல்லாரும் தேர்வை எப்படி மாற்றுவது என்றே பேசுகிறீர்கள், கடையை மாற்ற முடியாதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

முதல்_பெஞ்ச்

ஐயா, இதைத்தான் அனுபவம் என்பது.

உரக்கடை_பொண்ணு

நாலைந்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், காம்ப்ளெக்ஸ் உர லோடு வந்திருந்தது.

அப்பாவிடம் பேசினேன். நான் ஒரு மணி நேரம் பேசத் தயாராகப் போனேன், அவர் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். "கம்பெனிக்காரன் போனை ஏன் நீ எடுக்கிறே, அவன் உன்னை ஏமாத்தி பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடுவான், இங்கே கொடு" என்றார். அன்றிலிருந்து போன் அவரிடம்தான். தேர்வைப் பற்றிக் கேட்டதற்கு, "ஊர்க்காரன் கேட்டா உரம் வாங்க வந்தியா, கேள்வி கேட்க வந்தியான்னு நான் கேட்டுக்கிடுதேன், நீ ஏன் பதில் சொல்லிக்கிட்டு இருக்கே" என்றார். ஆனால் குரூப் 2 என்றதும் முகம் கொஞ்சம் வாடியது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒன்றும் பேசவில்லை. அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள்.

இப்போதைக்கு முடிவு இது. மூட்டைக்கு ஒரு பையனை வைத்தாயிற்று. தை மாதம் முடியும்வரை யூ.பி.எஸ்.சி. விண்ணப்பம் போடுவதா வேண்டாமா என்று யோசிக்கப்போவதில்லை, அதுவரை வாரக் கணக்குத்தான், பொதுவான பாடங்களை மட்டும் தொடர்வேன். டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி நிலாச்சோறு அக்காவுக்குத் தனிமடலில் படம் அனுப்பியிருக்கிறேன். அப்பா தானாக நடந்து கடைக்கு வந்துவிட்டால் ஒரு வழி, வராவிட்டால் ஒரு வழி என்று இரண்டும் எழுதியிருக்கிறேன். வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கும் பழைய டீம் லீடரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நடுவில் குரூப் 4 அறிவிப்பு வந்தால் அதை எழுதிப் பார்க்கலாம் என்று ஒரு எண்ணம், ஒரே தேர்வு என்பதால். தாலுகா ஆபீஸ் அண்ணா, பன்னிரண்டாவது வரை நான் தமிழ்வழி, பி.இ. ஆங்கிலவழி. தமிழ்வழி ஒதுக்கீடு எனக்கு வருமா? தமிழ் தாளுக்கு எங்கிருந்து ஆரம்பிக்க?

தாலுகா_ஆபீஸ்

குரூப் 4-க்கு வரும். அதற்குக் கேட்கும் தகுதி பத்தாம் வகுப்பு, ஆகவே ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாவது வரை தமிழ்வழியில் படித்ததற்குச் சான்று இருந்தால் 20 சதவீத ஒதுக்கீட்டில் கேட்கலாம். குரூப் 2-க்குப் பட்டம் கேட்பதால் பட்டமும் தமிழ்வழியாக இருக்க வேண்டும், அங்கே உங்களுக்குக் கிடைக்காது. நடுவில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாகச் சான்று வாங்க வேண்டும், இப்போதே போய் வாங்கி வைத்துவிடுங்கள், அறிவிப்பு வந்த பிறகு போனால் தலைமையாசிரியர் அறை வாசலில் கல்யாணக் கூட்டம் நிற்கும்.

தமிழ்ப் பகுதி 100 கேள்வி, 150 மார்க், அதில் 60 எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். பழைய பள்ளித் தமிழ்ப் புத்தகங்களை ஆறாம் வகுப்பிலிருந்து எடுங்கள், இலக்கணத்தில் தொடங்குங்கள். இங்கே தப்பு விடைக்கு மார்க் கழியாது, ஆனால் தெரியாத கேள்வியைச் சும்மா விடக்கூடாது, 'விடை தெரியவில்லை' என்பதற்கான 'ஈ' (E) வட்டத்தைக் கருப்பாக்க வேண்டும். கடைசியில் ஏ எத்தனை, பி எத்தனை என்று ஈ வரைக்கும் எண்ணி எழுத வேண்டும், அதற்கு நேரம் ஒதுக்கிப் பழகுங்கள். தென்காசி வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் நடக்கிறதா என்று கேளுங்கள், வகுப்பு இலவசம்தான், மாதிரித் தேர்வு எழுத மட்டுமாவது போய்விட்டு வரலாம்.